ஹாஜி முஹம்மது முஹ்சின்

வங்காளத்து ஹூக்ளியில், பாரசீகத்திலிருந்து வந்து குடியேறிய வர்த்தகக் குடும்பத்தில் 1732-ல் பிறந்தவர் ஹாஜி முஹம்மது முஹ்சின். அரபு நாடுகளிலும் பாரசீகத்திலும் பல்லாண்டு சுற்றி, ஹஜ்ஜும் செய்து ஊர் திரும்பினார். 1803-ல் சகோதரி மன்னுஜான் காலமாகவே, அவ்வம்மையாரின் பெருஞ்சொத்து இவருக்கு வந்தது. மணம் புரியாத அம்முதியவர் நாளைக் கடத்தவில்லை. 1806-ல் சொத்தை வக்ஃபு செய்து, வருமானத்தை ஒன்பது பங்காக்கிச் சாசனம் எழுதினார். 1812-ல் மறைந்தார்.

பின்வந்த முத்தவல்லிகள் முறைகேடு செய்யவே, அரசாங்கம் நிர்வாகத்தை ஏற்றது. அந்நிதியைக் கொண்டு 1836-ல் ஹூக்ளிக் கலாசாலை ஏற்பட்டது. ஆயினும் அதில் பயின்ற முஸ்லிம்கள் சொற்பமே. சாசனத்தில் கல்விக்கென்று தனிப் பங்கு குறிக்கப்படவில்லை. கண்டனம் எழுந்த பிறகு, 1873-ல்தான் அந்நிதி முஸ்லிம் மாணவரின் கல்விச் செலவுக்கும் உபகாரச் சம்பளத்துக்கும் திருப்பப்பட்டது. இடையில் ஓடியவை 37 ஆண்டுகள்!

வர்த்தகச் சகோதரர்களே! பெருநாள் சரக்குக்குப் பல மாதம் முன்னரே கணக்குப் போடுகிற நாம், பிள்ளையின் கலாசாலைச் செலவைப் பரீட்சை முடிவு வந்த பின்னரே நினைக்கிறோம். உபகாரச் சம்பளம் எங்கே கிடைக்கும், எப்போது மனுச் செய்ய வேண்டும் என்று முன்னரே விசாரித்து வைப்போம். தர்மம் எழுதுவோர், கல்விக்கு இத்தனை பங்கு என்று தெளிவாக எழுதி வைப்போம். பேரேட்டில் பிள்ளையின் படிப்புக்கென்று ஒரு பக்கத்தை இன்றே திறப்போமாக!