கல்விக் கதவைத் திறந்த துறவி

சிதம்பரம் என்றதும் நடராஜர் கோவில் நினைவுக்கு வரும். அதே ஊரில் ஏழைப் பிள்ளைகளின் கோவில் ஒன்றும் உண்டு. அதுதான் நந்தனார் பள்ளிக்கூடம். அதை உண்டாக்கியவர் சுவாமி சகஜானந்தர்.

முனுசாமி

ஆரணி அருகே மேல்புதுப்பாக்கம் என்ற கிராமத்தில், தாழ்த்தப்பட்ட குடும்பத்தில், 1890-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி அவர் பிறந்தார். தந்தை அண்ணாமலை, தாய் அலமேலு. பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி.

திண்டிவனம் மிஷன் பள்ளியில் படித்தார். படிப்பு பாதியில் நின்றது. குடும்பம் கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போயிற்று.

முனுசாமியின் மனமோ துறவை நாடியது. சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளின் சீடர் ஆனார். முனுசாமி, சகஜானந்தர் ஆனார். 1910-ம் ஆண்டு சிதம்பரம் வந்து சேர்ந்தார். அப்போது வயது 20.

25 பிள்ளைகள்

அந்தக் காலத்தில் சேரிப் பிள்ளைகளுக்குப் படிப்பு எட்டாக்கனி. பல பள்ளிகளில் அவர்களைச் சேர்க்கமாட்டார்கள். சேர்த்தாலும் ஒதுக்கி உட்கார வைப்பார்கள். வீட்டிலோ, பிள்ளை மாடு மேய்த்தால்தான் கஞ்சி.

இதைக் கண்டு சகஜானந்தர் மனம் நொந்தார். 1916-ம் ஆண்டு நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். 25 பிள்ளைகளுடன் பள்ளி ஆரம்பமாயிற்று.

நந்தனார், தில்லைக் கோவிலுக்குள் போக முடியாமல் ஏங்கிய அடியார். பள்ளிக்கூட வாசலில் ஏங்கி நின்ற பிள்ளைகளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

பசித்த வயிற்றில் பாடம் ஏறாது. இதை அவர் அறிவார். ஆகவே பள்ளியோடு விடுதியும் நடத்தினார். அதற்காக ஊர் ஊராகச் சென்று நன்கொடை கேட்டார். பெண் பிள்ளைகளையும் படிக்க வைத்தார்.

கல்லூரி வாசல்

சிதம்பரத்தில் 1920-ம் ஆண்டு மீனாட்சி கல்லூரி வந்தது. 1929-ம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. கல்லூரி கண்ணெதிரே இருந்தது. ஆனால் எஸ்.எஸ்.எல்.சி. தேறினால்தான் உள்ளே போகலாம். உயர்நிலைப் பள்ளியை எட்டாத பிள்ளைக்கு அந்த வாசல் ஏது?

நந்தனார் பள்ளி வளர்ந்து உயர்நிலைப் பள்ளி ஆயிற்று. அங்கே படித்துத் தேறியவர்கள் பல்கலைக்கழகத்தில் காலடி வைத்தார்கள். உழவுக்கூலியின் மகன் பட்டதாரி ஆனான். வாத்தியாராகவும் அதிகாரியாகவும் ஊர் திரும்பினான்.

சட்டசபையில்

சகஜானந்தர் 1926-ம் ஆண்டு சென்னைச் சட்டசபை உறுப்பினர் ஆனார். 1952, 1957 தேர்தல்களில் சிதம்பரம் தொகுதியில் வெற்றி பெற்றார். பள்ளி, விடுதி, உதவித்தொகை, குடியிருக்க மனை ஆகியவற்றுக்காக அங்கே வாதாடினார்.

1959-ம் ஆண்டு மே 1-ந் தேதி காலமானார். அவருக்கென்று மனைவி மக்கள் இல்லை. ஆனால் அவரை அப்பாவாக நினைத்த பிள்ளைகளுக்குக் கணக்கில்லை.

இன்று நந்தனார் பள்ளி, கடலூர் மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளியாக நடக்கிறது. காலையில் அங்கே மணி அடிக்கிறது. பிள்ளைகள் புத்தகப் பையோடு உள்ளே ஓடுகிறார்கள். வாசலில் அவர்களைத் தடுப்பார் இல்லை.