சாந்திவனத்துச் சந்நியாசி

ஆங்கிலேய ஆட்சி நீங்கி ஓராண்டு கழிந்து, 1948 ஆகஸ்டில், பிரெஞ்சு தேசத்துத் துறவி ஒருவர் நம் நாட்டை அடைந்தார். உபதேசிக்க வந்த பாதிரிமாரை நாம் நெடுங்காலமாக அறிவோம். அவர்களுட் பலர் ஆளுவோரின் நிழலில் நின்றதையும் அறிவோம். இவரோ மௌனமாய் அமர இடந்தேடி வந்தவர். பெயர் ஹென்ரி லெ ஸோ. 1910-ல் பிரிட்டனி மாகாணத்திற் பிறந்து, 1929-ல் கெர்கொனான் மடத்திற் சேர்ந்து பெனெதிக்து முனிவரின் விதிப்படி ஒழுகியவர்.

தமிழ்நாட்டில் முன்னரே ஊழியம் புரிந்துவந்த ஜூல்ஸ் மோன்ஷானின் என்னும் குருவோடு சேர்ந்து, குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவேரிக் கரையில், 1950 மார்ச்சு 21-ல் சச்சிதானந்த ஆசிரமத்தை ஸ்தாபித்தார். சாந்திவனம் என வழங்குவது அதுவே. இருவரும் காவி தரித்தனர். கிறிஸ்தவரின் திரித்துவத்தைச் சச்சிதானந்தமெனத் துதிப்பது இவர்கள் கண்ட புதுமையன்று. ராஜத்துரோக வழக்கு முடியுமுன்னரே 1907-ல் உயிர்நீத்த வங்கப் பத்திரிகாசிரியர் பிரம்மபாந்தவ உபாத்தியாயர் 1898-லேயே அவ்வாறு பாடியுள்ளார். தேசத்தொண்டர்கள் இதை மறத்தலாகாது.

1949 ஜனவரியில் ரமண மகரிஷியைத் தரிசித்ததே லெ ஸோவின் வாழ்வைத் திருப்பியது. மகரிஷி சமாதியடைந்த பின்னர், 1952 முதல் அருணாசலக் குகைகளில் வாரக்கணக்கில் தனித்திருந்தார். கிறிஸ்தவ மரபிலும் தியானம் உண்டு. கிரீஸ் தேசத்து ஆதோஸ் மலைத் துறவிகள் இயேசுவின் நாமத்தை மூச்சோடு இசைத்து ஜபிப்பது நம் நாமஜபத்திற்கு வெகு சமீபமானது. சொல்லற்ற பிரார்த்தனையும் அம்மரபில் உண்டு. ஆயின், பக்தன் எத்துணை அணுகினும் அங்கே இருவர் இருவரே. நான் யார் என்னும் விசாரமோ அந்த நானையே கரைத்துவிடுகிறது. பின்னர்ப் பிரார்த்திப்பவன் யார்? யாரை நோக்கிப் பிரார்த்திப்பது?

மோன்ஷானின் அத்வைதத்தின் வாயிலில் தயங்கி நின்றார். 1957-ல் பாரிஸில் காலமானார். அபிஷிக்தானந்தர் என்று பெயர் பூண்ட லெ ஸோ உள்ளே சென்றார். திருக்கோவலூர்த் தபோவனத்து ஞானானந்தகிரி சுவாமிகளைக் குருவாகப் போற்றினார். திவ்விய பூசையையும் கைவிட்டாரில்லை. எல்லாம் ஒன்றே என்று மேடையேறிச் சொல்லுதல் எளிது; நம்மவர் அதைச் சளையாமற் சொல்லி வருகின்றனர். அது வக்கீல்கள் எழுதும் ராஜிப் பத்திரம் போன்றது. கட்சிக்காரரின் மனம் அதில் ஆறுவதில்லை. அபிஷிக்தானந்தர் அவ்வித ராஜிக்கு இசையவில்லை. இரண்டையும் மெய்யென்று கொண்டு ஆண்டுக்கணக்காக அவர் பட்ட வேதனையை அவரது நாட்குறிப்பு காட்டுகிறது.

1960-ல் இந்தியப் பிரஜையானார். 1968-ல் ஆசிரமம் பீட் கிரிஃபித்ஸ் வசமாயிற்று. இவர் உத்தரகாசியில் கங்கைக்கரைக் குடிலுக்குச் சென்றார். 1973 ஜூலையில் ரிஷிகேச வீதியில் மாரடைப்பால் வீழ்ந்தார். அவ்வாறு கிடந்தபோதே தாம் தேடியது கிட்டியதென்று நண்பர்களுக்கு எழுதினார். டிசம்பர் 7-ல் இந்தூரில் உயிர் பிரிந்தது. இருபத்தைந்து ஆண்டுகளில் ஒருமுறையேனும் அவர் பிறந்த நாட்டிற்குத் திரும்பினாரில்லை.