கிளவுஸ் சாமெல்சன்

கிளவுஸ் சாமெல்சன் (டிசம்பர் 21, 1918 – மே 25, 1980) ஒரு ஜெர்மனியக் கணிதவியலாளர், இயற்பியலாளர், கணினியியல் முன்னோடி. பிரீட்ரிக் பவருடன் இணைந்து, அடுக்கு (ஸ்டாக்) என்னும் தரவுக் கட்டமைப்பைக் கொண்டு கணிதக் கோவைகளைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் முறையை உருவாக்கியவர். பொறியியல் மாணவர்கள் எழுதிப் பழகும் அடைப்புக்குறிச் சரிபார்ப்பு நிரல் இம்முறையின் எளிய வடிவமே ஆகும்.

வாழ்க்கை

ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பிறந்தார். இவருடைய அண்ணன் ஹான்ஸ் சாமெல்சனும் கணிதவியலாளரே. அரசியல் சூழ்நிலை காரணமாகச் சாமெல்சனின் பல்கலைக்கழகப் படிப்பு 1946 வரை தள்ளிப்போனது. அப்போது அவருக்கு வயது 27. மியூனிக்கில் கணிதமும் இயற்பியலும் பயின்று, சிறிது காலம் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியபின் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். தொடர்ந்து மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளரானார். 1958இல் மைன்ஸில் பேராசிரியரானார். 1963இல் மியூனிக் திரும்பினார். அல்கால் நிரல்மொழியை வடிவமைத்த குழுவிலும் இவர் இடம்பெற்றிருந்தார்.

நிலவறை முறை

சுவிட்சர்லாந்தின் ருட்டிஸ்ஹவுசர் 1951இல் முன்வைத்த முறையில், உள்ளடங்கிய அடைப்புக்குறியைத் தேடிக் கோவையைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. சாமெல்சனும் பவரும் அதை இடமிருந்து வலமாக ஒரே முறை படித்தால் போதும் என்று காட்டினர். உடனே முடிக்க இயலாதவற்றை 'நிலவறை' என்று அவர்கள் பெயரிட்ட இடத்தில் இட்டு, கடைசியாக இட்டதை முதலில் எடுத்தனர். இதற்கு 1957இல் காப்புரிமை கோரினர். 1959இல் கட்டுரை வெளியிட்டனர்.

அடைப்புக்குறிகளைச் சரிபார்க்கையில், திறக்கும் குறி அடுக்கின் மேல் வைக்கப்படும். மூடும் குறி வந்தால், உச்சியில் உள்ள குறி அதற்கு இணையாக இருத்தல் வேண்டும், இருந்தால் நீக்கப்படும். இறுதியில் அடுக்கு காலியாக இருக்க வேண்டும். வெறுமனே எண்ணிப் பார்ப்பது போதாது: ([)] என்பதில் எண்ணிக்கை சரி, அமைப்பு தவறு.

அடுக்கின் ஆழத்திற்கு நினைவகமே எல்லை. எனினும் சில கருவிகளில் எல்லை முன்பே வகுக்கப்பட்டுள்ளது. ஓசூர் போன்ற தொழில் நகரங்களின் பட்டறைகளில் காணப்படும் சி.என்.சி. இயந்திரங்களை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். ஃபானுக் கட்டுப்பாட்டகங்களின் மேக்ரோ நிரல்களில் சதுர அடைப்புக்குறிகளை ஒன்றனுள் ஒன்றாக ஐந்து நிலை வரையே எழுத இயலும். மீறினால் இயந்திரம் பிழை காட்டி நின்றுவிடும்.

முன்னுரிமை

அடுக்கைத் தனி ஒருவரின் கண்டுபிடிப்பு என்பது பொருந்தாது. ஆலன் டூரிங் 1940களின் நடுப்பகுதியிலேயே ஒத்த கருத்தை எழுதியிருந்தார். ஆஸ்திரேலியாவின் சார்லஸ் ஹாம்ப்ளின் 1957இல் தனியே அதைக் கண்டடைந்தார். இப்பணிக்காக ஐ.இ.இ.இ. கணினிச் சங்கத்தின் முன்னோடி விருது 1988இல் பவருக்கு மட்டும் வழங்கப்பட்டது. சாமெல்சன் காலமாகி அப்போது எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.