நடுநிலை கண்ட பொறியியலாளர் பீற்றர் பக்சண்டால்

பட்டிப்பொலவிலிருந்து புகைவண்டியில் வந்து கற்கும் மாணாக்கன் ஒருவன், தன் தோட்டத்துக் கோயில் ஒலிபெருக்கிக்கென்று பத்துத் திருகிகள் கொண்ட ஒலிச் சமன்படுத்திப் பலகையொன்றைத் தானே இணைத்துச் செய்தான். பல மாதச் சேமிப்பு அதில் கரைந்தது. மின்னை ஏற்றியபோது பாட்டுக்கு முன்னே இரைச்சலே எழுந்தது. பலகையை எறிந்துவிடப் போவதாகக் கூறி நின்ற அவனுக்கு, அறிவியல் ஆசிரியரும் தமிழாசிரியனாகிய யானும் கூடிச் சொன்ன வரலாறே இது.

பீற்றர் ஜேம்ஸ் பக்சண்டால் 1921ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 11ஆம் நாள் பிறந்த ஆங்கிலேயர். கார்டிவ் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியிலே மின் பொறியியல் கற்று 1942இல் பட்டம் பெற்றார். உலகப் போர் மூண்டிருந்த காலம் அது. கடற்படையின் விமானப் பிரிவினர்க்கு வானொலிக் கலை பயிற்றும் பணியில் அமர்ந்தார். 1944இல் மால்வேர்ன் என்னும் ஊரில் இருந்த அரசாங்க ராடார் ஆராய்ச்சி நிலையத்தை அடைந்து, மின்சுற்று ஆய்வுப் பிரிவில் வில்லியம்ஸ் என்னும் பேரறிஞரின் கீழ்ப் பணிபுரிந்தார். 1971 வரை அந்நிலையமே அவருக்குத் தொழிற்களமாயிற்று. இசை ஒலியைப் பழுதின்றிப் பெருக்கும் கலையோ அவர்தம் உள்ளங்கவர்ந்த துறையாகும்.

அக்காலத்து ஒலிபெருக்கிகளில் தாழ்ந்த சுருதியையும் உயர்ந்த சுருதியையும் கூட்டிக் குறைக்கும் திருகிகள் இல்லாமலில்லை. ஆயினும் அவற்றிற் குறைகள் பல இருந்தன. தடையிகளும் கொள்ளளவிகளும் மாத்திரம் கொண்ட சுற்று எதையும் பெருக்க மாட்டாது, குறைக்கவே வல்லது. ஆகவே, பின்னர்க் கூட்டுவதற்கு இடம் வைக்கும் பொருட்டு, ஒலியலையின் மின்னழுத்தத்தை முதலில் ஏறக்குறைய பத்திலொன்றாகக் குறைத்தனர். இழந்ததை மீட்க மற்றொரு வால்வு வேண்டும். அவ்வால்வு தன் இரைச்சலையும் உடன் கொணரும். மேலும், அச்சுற்றுக்கு ஏற்றவாறு ஒரே சீராக மாறாத தனிவகை மாறுந்தடைகள் வேண்டியிருந்தன. அவை ஒன்றையொன்று ஒத்திருப்பது அரிது. திருகி நடுவில் நின்றாலும் ஒலி நடுநிலையில் நில்லாது.

பக்சண்டால் இச்சிக்கலை வேறு வழியால் அவிழ்த்தார். பெருக்கியின் வெளியீட்டில் ஒரு பகுதியை எதிர்மாறாக உள்ளீட்டுக்கே திருப்பிவிடின், பெருக்கம் குறையும். அதனோடு திரிபும் குறையும். எதிர்ப் பின்னூட்டல் எனப்படும் இவ்வுண்மையை அமெரிக்கரான ஹரல்ட் பிளாக் 1927இலேயே கண்டிருந்தார். பக்சண்டாலோ சுருதி மாற்றும் சுற்றினையே அப்பின்னூட்டற் பாதையில் வைத்தார். ஒரே ஒரு வால்வு போதுமாயிற்று. சீராக மாறும் சாதாரண வகை மாறுந்தடைகளே பொருந்தின. திருகி நடுவில் நிற்கையில் இருபுறமும் ஒத்திருத்தலால், புகுந்த ஒலி கூடாமலும் குறையாமலும் வெளிவந்தது.

இந்நலன்கள் விலையின்றி வந்தனவல்ல. வால்வின் பெருக்கும் ஆற்றலைத் தியாகம் செய்தே அவர் அச்சமநிலையைப் பெற்றார். முன்னுள்ள பெருக்கி தளராது மின்னோட்டம் வழங்க வல்லதாய் இராவிடில் சமநிலை குலையும். ஒரு சுருதியை மிகக் கூட்டுமிடத்து அங்கே பின்னூட்டல் குறைந்து திரிபு சற்றே தலைகாட்டும். அவர்தம் முதற் சுற்றில் உயர் சுருதிக்கு நடுவிலும் முனை கொண்ட அரியதொரு மாறுந்தடை வேண்டியிருந்தது. பின்வந்தோர் அதனையும் நீக்கினர். எதனை இழந்து எதனைப் பெறுவது என்று தெரிந்து தெளிந்ததே அவர்தம் பெருமை.

1952ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்னும் சஞ்சிகையில் அச்சுற்றினை அளவுகளோடு முழுமையாக வெளியிட்டார். உலகெங்கும் எண்ணிறந்த ஒலிபெருக்கிகளில் அச்சுற்றும் அதன் வழிவந்தனவும் இடம்பெற்றன. அவருக்கோ அதனால் உரிமைப் பணம் ஏதும் வரவில்லை. 1968இலும், விலை குறைந்த ஒற்றை ஒலிபெருக்கிக் கூம்பினைச் சமன்படுத்திச் சுற்றொன்றால் செம்மையாக ஒலிக்கச் செய்யும் முறையை, வீட்டிலே செய்வோர்க்கென அதே சஞ்சிகையில் எழுதினார். 1995ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆம் நாள் அவர் மறைந்தார்.

இனி, நம் மாணாக்கன் பலகைக்கு வருவோம். திருகிகள் பெருகப் பெருக உறுப்புகளும், அவற்றால் வரும் இரைச்சலும் பெருகும். அவன் மலிவும் எளிமையும் கருதி 1,00,000 ஓம் மாறுந்தடைகளை இட்டிருந்தான். 10,000 ஓம் ஆயின் தடையிலிருந்து எழும் இரைச்சல் ஏறக்குறைய மூன்றிலொன்றாகும். ஆனால் கொள்ளளவிகள் பத்து மடங்கு பெரியனவாதல் வேண்டும், முன்னுள்ள பெருக்கியும் வலியதாதல் வேண்டும். மின்மாற்றியை உள்ளீட்டுக் கம்பியின் அருகே வைத்தமையால் 50 ஹேர்ட்ஸ் முரலொலியும் புகுந்திருந்தது. திருகியை 10 டெசிபெல் ஏற்றினால், அச்சுருதிக்கு 5 வாட் கொடுத்த பெருக்கி 50 வாட் கொடுத்தாக வேண்டும். இயலாதபோது ஒலி சிதைந்து, பாடலின் சொல் மறைந்து முழக்கமே மிஞ்சும்.

இவற்றையெல்லாம் கேட்ட மாணாக்கன் பலகையை எறியவில்லை. அதிலிருந்த உறுப்புகளைக் கழற்றி, பக்சண்டால் முறையில் இரண்டே திருகிகளுடன் புதியதொன்றை அமைத்தான். மின்மாற்றியைத் தொலைவில் வைத்தான். அடுத்த திருவிழாவில், பனிமூட்டத்தினூடே லயங்கள் தோறும் பாடலின் சொற்கள் தெளிவாய்ச் சென்று சேர்ந்தன. சுற்றின் படத்தைக் கீழ்வகுப்பு மாணாக்கர் இருவருக்கு அவனே வரைந்தும் கொடுத்தான்.

நடுவுநிலைமையைத் துலாக்கோலுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அத்தகைய கோலொன்றை ஒலிக்கு அமைத்து, அதனை மறைக்காது உலகினர் கையில் வைத்துச் சென்றார் பக்சண்டால். இக்கல்லூரியிற் கற்றுப் பல தொழில்களிற் சிறந்து விளங்கும் பழைய மாணவர்களே, நீவிர் அறிந்ததைப் பின்வருவோர்க்கு வரைந்து கொடுப்பீராக. இந்த விழா ஆண்டில் நும் கல்லூரி வேண்டும் காணிக்கை அதுவேயாம்.