கப்டன் அமெரிக்காவை வரைந்தவரும் ஒரு கறுப்பினச் சிறுவனும்

கப்டன் அமெரிக்காவைத் தெரியாத பிள்ளைகள் இன்று எங்கள் வீடுகளில் இல்லை. அந்தக் கப்டனை முதன்முதலில் வரைந்தவர்களுள் ஒருவரான ஜாக் கேர்பியைத் தெரிந்த பெற்றோர் மிகக் குறைவு. 1994ஆம் ஆண்டு காலமான அவருடைய வாழ்க்கையை இங்கே எழுத ஒரு காரணம் இருக்கிறது. சாகச வீரர்களின் கார்ட்டூன்களும் கொமிக்ஸ்களும் பழைய காலத்து நிறவெறியைப் பற்றிப் பேசவேண்டுமா, பிள்ளைகள் பொழுதுபோக்காகப் பார்க்கும் ஒன்றுக்குள் அதெல்லாம் எதற்கு என்ற கேள்வி எங்களுக்குள்ளும் எழுகிறது. அந்தக் கேள்வியைக் காற்றில் வைத்துப் பேசுவதைவிட, அந்தக் கலையைக் கட்டியெழுப்பிய ஒருவரின் வாழ்க்கையில் வைத்துப் பார்ப்பது நல்லது என்று நாம் நினைக்கிறோம்.

அவர் பிறந்தபோது பெயர் ஜேக்கப் கேர்ட்ஸ்பேர்க். 1917 ஓகஸ்ட் 28ஆம் திகதி, நியூயோர்க் நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியில், அவுஸ்திரியாவிலிருந்து குடிபெயர்ந்து வந்த யூதத் தம்பதிக்குப் பிறந்தார். தகப்பன் தையல் ஆலையில் வேலை செய்தவர். சந்துக்குச் சந்து பொடியன்கள் கூட்டம் சேர்ந்து அடிபட்டுக்கொண்ட இடம் அது; சிறுவன் ஜேக்கப்பும் அடி வாங்கியும் கொடுத்தும்தான் வளர்ந்தான். பின்னாளில் அவருடைய வீரர்கள் எறிந்த குத்துகளில் இருந்த வேகம் அந்தத் தெருவில் கற்றது. சித்திரத்தைப் பெரும்பாலும் தானாகவே கற்றார். பொப்பாய் கார்ட்டூன் தயாரித்த பிளைஷர் நிறுவனத்தில் கொஞ்சக்காலம் இருந்துவிட்டு, அதுவும் அப்பாவின் தையல் ஆலையைப்போலத்தான் இருக்கிறது என்று விலகிவிட்டார்.

பெயரை மாற்றிய கதை எங்களில் பலருக்குப் பழக்கமானது. வாய்க்குள் நுழையாத பெயர் என்று அலுவலகத்தில் சொல்ல, சுருக்கியோ முறித்தோ ஒன்றை வைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர். இவரும் நாலைந்து புனைபெயர்களைப் போட்டுப் பார்த்துவிட்டு ஜாக் கேர்பியில் நின்றார். யூதர் என்பதை மறைக்கத்தான் மாற்றினார் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

1940 டிசம்பரில் கப்டன் அமெரிக்காவின் முதல் இதழ் கடைக்கு வந்தது. கேர்பியும் அவருடைய கூட்டாளி ஜோ சைமனும் சேர்ந்து உருவாக்கியது. அட்டைப்படத்தில் கப்டன் ஹிட்லரின் தாடையில் குத்துகிறார். இன்று பார்த்தால் இதில் என்ன துணிச்சல் என்று தோன்றலாம். ஆனால் அமெரிக்கா அப்போது போரில் இறங்கவில்லை; அதற்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. ஐரோப்பாவின் சண்டை எங்களுக்கு எதற்கு என்று அங்கே பலர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாசி ஆதரவாளர்கள் நியூயோர்க்கிலேயே கூட்டம் நடத்தினார்கள். பத்திரிகை அலுவலகத்துக்கு மிரட்டல்கள் வந்து, பொலிஸ் காவல் போடவேண்டியதாயிற்று. ஹிட்லர் தங்கள் இனத்துக்கு என்ன செய்துகொண்டிருந்தான் என்று அறிந்த இரண்டு யூத இளைஞர்கள், பத்துச் சதத்துக்கு விற்ற ஒரு சிறுவர் கொமிக்ஸில் அதற்குப் பதில் சொன்னார்கள். ஆகவே இந்தக் கலைக்குள் இனவாதம் பற்றிய பேச்சு அண்மையில் யாரோ கொண்டுவந்து புகுத்தியது என்று சொல்பவர்கள், அந்த முதல் அட்டையை ஒருமுறை பார்க்கவேண்டும்.

இனி வருவது கசப்பானது. அடுத்த வருடமே, 1941 கோடையில், அதே இரட்டையரின் உருவாக்கமாக 'யங் அலைஸ்' என்ற இதழ் வந்தது. கப்டனின் உதவியாளன் பக்கியும் வேறு சில சிறுவர்களும் சேர்ந்து நாசிகளோடு மோதும் கதை. அந்தக் கூட்டத்தில் ஒரு கறுப்பினச் சிறுவன் இருந்தான். பெயர் வைட்வாஷ் ஜோன்ஸ். வெள்ளையடிப்பு என்று பொருள். தடித்த உதடு, உருண்ட கண், உடைந்த பேச்சு, வத்தகப்பழத்தின்மேல் பைத்தியம். வத்தகப்பழம் என்பது அடிமைத்தனம் ஒழிந்த காலத்திலிருந்து கறுப்பின மக்கள்மேல் வீசப்பட்டுவந்த ஒரு கேலி. சிரிக்கவைப்பதற்கும் காப்பாற்றப்படுவதற்கும்தான் அந்தச் சிறுவன் கதையில் இருந்தான். ஹிட்லரைக் குத்திய கையிலிருந்தே இதுவும் பிறந்தது. அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் வரைந்தார்கள் என்பது உண்மை. வில் ஐஸ்னர் போன்ற மேதையும் 'ஸ்பிரிட்' கதைகளில் இதே வகை உருவத்தைத்தான் வைத்திருந்தார். ஆனால் எல்லோரும் வரைந்தார்கள் என்பதால் அதைப் பார்த்த கறுப்பினப் பிள்ளைக்கு வலி குறைந்திருக்குமா?

1943இல் கேர்பி படைக்கு எடுக்கப்பட்டார். 1944 ஓகஸ்டில் நோர்மண்டிக் கரையில் இறங்கி, ஜெனரல் பற்றனின் மூன்றாம் இராணுவத்தில் காலாட்படைச் சிப்பாயாக பிரான்ஸுக்குள் நடந்தார். இவர்தான் கப்டன் அமெரிக்காவை வரைந்தவர் என்று அறிந்த அதிகாரி, எதிரியின் நிலைகளை முன்னே போய்ப் பார்த்து வரைந்துவரும் ஆபத்தான வேலையைக் கொடுத்தார். திறமைக்குக் கிடைத்த பரிசு! அந்தக் குளிர்காலத்தில் இரண்டு கால்களும் பனியில் விறைத்து, வெட்டி எடுக்கவேண்டிவருமோ என்று வைத்தியர்கள் யோசிக்கும் அளவுக்குப் போனது. கால்கள் தப்பின.

அவர் போரிட்ட இராணுவம் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தது. கறுப்பினச் சிப்பாய்களுக்கு வேறு படைப்பிரிவுகள், வேறு விடுதிகள். பெரும்பாலானோருக்குக் கிடைத்தது சுமை ஏற்றும், இறக்கும், ஓட்டும் வேலை. பற்றனின் படை பிரான்ஸில் அவ்வளவு வேகமாக முன்னேறியதற்குப் பெற்றோலும் குண்டுகளும் இரவும் பகலும் லொறிகளில் போய்ச்சேர்ந்தது ஒரு காரணம். ரெட் போல் எக்ஸ்பிரஸ் என்ற அந்த லொறித் தொடரின் சாரதிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கறுப்பினத்தவர். கேர்பி பிரான்ஸில் நடந்த அதே மாதங்கள்தான் அந்த லொறிகள் ஓடிய மாதங்களும். காயப்பட்டவர்களுக்கு ஏற்றும் இரத்தம்கூடப் பிரிக்கப்பட்டிருந்தது. கறுப்பினத்தவர் கொடுத்த இரத்தத்தை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் வேறாக அடையாளமிட்டு வைத்தது. அந்த வழக்கம் 1950வரை நீடித்தது.

போர் முடிந்து வந்த கேர்பி காதல் கதை, கவ்போய் கதை என்று கிடைத்ததையெல்லாம் வரைந்து குடும்பத்தைப் பார்த்தார். 1954இல் கொமிக்ஸ்களுக்குத் தணிக்கை விதிகள் வந்தன. சிறிது காலத்தின்பின் வேறொரு நிறுவனத்தின் கதை ஒன்றில், விண்வெளி வீரன் தலைக்கவசத்தைக் கழற்றும்போது கறுப்பினத்தவனாக இருப்பதை மாற்றச் சொல்லித் தணிக்கை அதிகாரி அடம்பிடித்தார். அந்தக் கதையே நிறவெறிக்கு எதிரானது!

1960களில் ஆசிரியர் ஸ்டான் லீயோடு சேர்ந்து கேர்பி மார்வல் நிறுவனத்தை நிமிர்த்திய கதை பலருக்குத் தெரியும். யார் எதை உருவாக்கினார் என்ற சண்டைக்குள் நாம் இங்கே இறங்கவில்லை. எங்கள் கேள்விக்கு வேண்டியது 1963இல் தொடங்கிய 'சார்ஜன்ட் பியூரி' என்ற போர்க்கதை. இரண்டாம் உலகப்போரில் ஒரு சிறு அதிரடிப் படை. அதில் இஸி கோஹன் என்ற யூதரும் கேப் ஜோன்ஸ் என்ற கறுப்பினத்தவரும் மற்றவர்களோடு தோளுக்குத் தோள் நிற்கிறார்கள். இருபது வருடத்துக்கு முன் வைட்வாஷ் ஜோன்ஸைப் பெற்றெடுத்தவரின் பென்சிலால் இப்போது கண்ணியமான ஒரு கறுப்பினச் சிப்பாய். பொருந்திப்போன அந்தக் குடும்பப் பெயர் தற்செயலாக இருக்கலாம். அச்சுக்கு வண்ணம் பிரித்தவர்கள் ஏதோ பிழை என்று நினைத்து, முதல் இதழில் கேப் ஜோன்ஸையும் வெள்ளைக்காரனின் நிறத்திலேயே அச்சிட்டுவிட்டார்கள். ஸ்டான் லீ விளக்கம் எழுதி அனுப்பவேண்டி வந்தது.

அடுத்த வருடம் வந்த 6ஆம் இதழில் ஸ்டோன்வெல் என்ற புதியவன் படையில் சேர்கிறான். கோஹனையும் ஜோன்ஸையும் வெறுக்கிறான். கடைசியில் அவனே காயப்பட, உயிர்பிழைக்க ஏற்றப்படுவது கேப் ஜோன்ஸின் இரத்தம். சிவில் உரிமைப் போராட்டம் தெருவில் நடந்துகொண்டிருந்த 1964இல் இதை வரைவதற்கு நெஞ்சுரம் வேண்டும். அதை நாம் மதிக்கிறோம். ஆனாலும் கதையில் ஒரு பொய் இருக்கிறது. 1940களின் இராணுவத்தில் அப்படி ஒரு கலப்புப் படையும் இல்லை, அப்படிக் கூச்சமில்லாமல் ஏற்றப்பட்ட இரத்தமும் இல்லை. படையில் பிரிவினையை ஒழிக்க ஜனாதிபதி ட்ரூமன் ஆணையிட்டதே 1948இல். கதையில் வெறுப்பு ஒரு கெட்ட மனிதனின் குணம். நிஜத்தில் அது அரசாங்கத்தின் சட்டம், வைத்தியசாலைப் போத்தலில் ஒட்டிய சீட்டு. நல்ல மனதோடு சொல்லப்பட்ட இந்தப் பொய்யைப் படித்து வளரும் பிள்ளை, அந்தக் காலத்தில் ஒருசிலர்தான் கெட்டவர்கள், மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்தது என்று நினைத்துக்கொள்ளும். 2011இல் வந்த கப்டன் அமெரிக்கா திரைப்படமும் அந்தக் கலப்புப் படையைக் காட்டிவிட்டு, அது ஏன் நடக்க முடியாதது என்று ஒரு வரியும் சொல்லாமல் கடந்துபோனது.

தன் காலத்தைப் பற்றிச் சொன்னபோது கேர்பி இன்னும் கூர்மையாக இருந்தார். 1963இலேயே, முகமூடி போட்டுக்கொண்டு குடியேறிகளுக்கு எதிராகக் கூட்டத்தைத் தூண்டும் வில்லன் ஒருவனை 'பன்டாஸ்டிக் போர்' இதழில் வரைந்தார். முகமூடியைக் கழற்றினால் உள்ளே ஹிட்லர். 1966இல் பிளாக் பாந்தர் வந்தார்: வக்காண்டா நாட்டின் அரசர், விஞ்ஞானி, யாருக்கும் பணியாதவர். தன்னுடைய கதைகளில் கறுப்பினத்தவரே இல்லை, தன்னை வாசிப்பவர்களிலோ அவர்கள் நிறையப் பேர் என்பது தனக்கு உறைத்ததாக அவர் முதுமையில் ஒரு நேர்காணலில் சொன்னார். முதலில் வரைந்த அட்டையில் பாந்தரின் பாதி முகம் வெளியே தெரிந்தது. கடைக்கு வந்த இதழில் முழு முகமும் மூடப்பட்டிருந்தது.

பழைய காலத்தை நேருக்குநேர் பார்க்கும் முயற்சி 1976இல் நடந்தது. அமெரிக்கச் சுதந்திரத்தின் 200ஆம் ஆண்டு. நாடே கொடி பிடித்துக் கொண்டாடியபோது கேர்பி ஒரு பெரிய சிறப்பிதழ் எழுதி வரைந்தார். கப்டன் வரலாற்றுக்குள் தூக்கி எறியப்படுகிறார். ஜெரொனிமோவின் மக்களை நோக்கிக் குதிரைப்படை வரும் இடத்தில் நிற்கிறார். தப்பியோடும் அடிமை ஒருவரைத் துரத்திவருபவர்களுக்கு நடுவில் விழுகிறார். அவருடைய உடம்பில் இருப்பதோ அந்த நாட்டின் கொடி. அந்தக் கொடியை உடுத்தவர் எதைப் பார்க்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விடை எங்களுக்குத் தெரியவில்லை. கப்டன் அங்கே வென்று எதையும் சரிசெய்துவிடவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

1994 பெப்ரவரி 6ஆம் திகதி, கலிபோர்னியாவில், 76ஆவது வயதில் கேர்பி இறந்தார். தன் மூலச் சித்திரங்களைத் திருப்பிப் பெறவே நிறுவனத்தோடு வருடக்கணக்கில் போராடிக் களைத்த மனிதர்.

அவருக்குப் பிறகு வந்தவர்களில் சிலர் அந்தப் பாதையில் இன்னும் தூரம் போனார்கள். 2002இல் 'ஜஸ்டிஸ் லீக்' கார்ட்டூனில் ஒரு கதை. கறுப்பினத்தவரான கிரீன் லான்டர்ன், தான் சிறுவயதில் ஆசையாக வாசித்த பழைய கொமிக்ஸ் வீரர்களின் உலகத்துக்கே போய்விடுகிறார். அவர்களில் ஒருவர் அன்பாக, உன் இனத்துக்கே நீ பெருமை என்ற பொருளில் அவரைப் பாராட்டுகிறார். வேறு ஒன்றும் நடப்பதில்லை; ஒருவரும் பிரசங்கம் செய்வதில்லை. பாராட்டு எங்கே குத்துகிறது என்று பார்க்கும் பிள்ளை தானே தேடிக்கொள்ளும். வந்த நாடுகளில் இதேபோன்ற பாராட்டைக் கேட்டு, நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவர்கள் எங்களிலும் உண்டு. 2003இல் வந்த 'ட்ரூத்' என்ற கொமிக்ஸ், கப்டனை உருவாக்கிய மருந்தைக் கறுப்பினச் சிப்பாய்கள்மேல் பரிசோதித்த கதையைச் சொன்னது. கப்டனைக் கெடுத்துவிட்டார்கள் என்று வாசகர்களில் ஒரு பகுதியினர் கொதித்தார்கள். டஸ்கீகீ என்ற ஊரில் கறுப்பினக் கூலிகளுக்கு நோய்க்கு மருந்தே கொடுக்காமல் 1932முதல் 1972வரை அரச வைத்தியர்கள் பார்த்துக்கொண்டிருந்தது கற்பனையல்ல.

பழைய 'யங் அலைஸ்' இதழ்களை ஒளித்துவைத்திருக்கலாம். நிறுவனம் 2009இல், மார்வலின் 70ஆம் ஆண்டு நிறைவையொட்டி, வேறொன்று செய்தது. ரொஜர் ஸ்டேர்ன் எழுதிய சிறப்பிதழில், அந்தச் சிறுவர்கள் உண்மையாக வாழ்ந்தவர்கள் என்றும், 1941இல் கொமிக்ஸ் போட்டவர்கள்தான் கறுப்பினச் சிறுவனை அப்படி அவலட்சணமாக வரைந்தார்கள் என்றும் கதை வைத்தார்கள். அவனுடைய உண்மைப் பெயர் வொஷிங்டன் கார்வர் ஜோன்ஸ் என்று அந்த இதழ் சொல்கிறது. அவனுக்கு அந்தப் பெயர் கிடைக்க 68 வருடங்கள் எடுத்தன. கேர்பி இறந்து அப்போது 15 வருடம்.