பெரியார் கை காட்டிய பக்கம்

ஏலப்பாறையிலிருந்து மலையிறங்கிக் கோட்டயம் வழியாகப் போனால் வைக்கம் வந்துவிடும். அவ்வூர்க் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவரும் தாழ்த்தப்பட்டோரும் நடக்கக்கூடாது என்று தடை இருந்த காலம் அது. 1924-ல் அதை எதிர்த்து, ஈரோட்டிலிருந்து வந்து இருமுறை சிறை புகுந்தவர் ஈ.வெ. ராமசாமி. அப்போது அவர் காங்கிரஸ்காரர் என்பது நம்மில் பலருக்கு நினைவிருக்காது.

1879 செப்டம்பர் 17-ல் ஈரோட்டில் வசதியான வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். நகரசபைத் தலைவர் பதவியைத் துறந்து காங்கிரசுக்கு வந்தார். கதர் மூட்டை சுமந்து ஊர் ஊராக விற்றார். 1925-ல் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாததால் வெளியேறினார். அன்று முதல் காங்கிரசை எதிர்ப்பதே அவருடைய முழுநேர வேலையாயிற்று. 1944-ல் சேலத்தில் திராவிடர் கழகம் பிறந்தது. 1952 பொதுத்தேர்தலில் காங்கிரசைத் தோற்கடிக்கக் கம்யூனிஸ்டுகளை ஆதரித்தார்.

இரண்டே ஆண்டுகளில் காட்சி மாறியது. 1953-ல் முதல்வர் ராஜாஜி புதிய கல்வித் திட்டம் கொண்டுவந்தார். கிராமப் பிள்ளைகளுக்குப் பள்ளி அரைநேரம். மீதி நேரம் வீட்டுத் தொழில். வண்ணான் மகன் வெளுக்கவும் குயவன் மகன் பானை வனையவும்தானா என்று நாடே கொதித்தது. குலக்கல்வி என்று பெயர் சூட்டிப் பெரியார் போராடினார். 1954-ல் ராஜாஜி விலக, காமராஜர் முதல்வரானார். அந்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது.

காமராஜர் சட்டசபைக்குப் போகக் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். எதிர்த்து நின்றவர் கம்யூனிஸ்ட் வேட்பாளர். பெரியாரோ காமராஜருக்கு ஓட்டுக் கேட்டார்! சுமார் முப்பது ஆண்டுகள் காங்கிரசைத் திட்டக் கேட்டுப் பழகிய கருஞ்சட்டைத் தோழர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? 1957, 1962 பொதுத்தேர்தல்களிலும் தாம் வளர்த்த தம்பிகளான தி.மு.க.வினருக்கு எதிராகக் காங்கிரசையே ஆதரித்தார்.

அவர் பார்த்தது கட்சிக் கொடியை அல்ல, ஏழைப் பிள்ளையின் படிப்பை. புதிய பள்ளிகளும் மதிய உணவும் வந்ததை அவர் மறக்கவில்லை. அதற்காக வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை. 1957 நவம்பர் 26-ல் சாதியைக் காக்கிறது என்று கூறி அரசியல் சட்டத்தைக் கொளுத்தும் போராட்டம் நடத்தினார். ஆயிரக்கணக்கான தொண்டர்களோடு அவரையும் சிறையில் அடைத்தது அதே காமராஜர் அரசுதான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1967-லும் பெரியார் காங்கிரஸ் பக்கமே நின்றார். மக்கள் கேட்கவில்லை. அரிசிப் பஞ்சமும் இந்தித் திணிப்பும் அவர்கள் மனத்தில் இருந்தன. விருதுநகரில் காமராஜரே ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். வென்ற அண்ணா நேராகத் திருச்சிக்குச் சென்று பெரியாரைக் கண்டார். பெரியாரும் மக்கள் தீர்ப்பை ஏற்றுப் புதிய ஆட்சியை ஆதரித்தார். சுயமரியாதைத் திருமணம் அந்த ஆட்சியில்தான் சட்டப்படி செல்லுபடியாயிற்று. 1973 டிசம்பர் 24-ல் வேலூரில் மறையும் வரை தமிழர்கள் அவரிடம் வைத்த மதிப்பு குறையவில்லை.

தேர்தல் வந்தால் நம் லயங்களிலும் இதே குழப்பம்தான். நேற்றுவரை ஒரு கட்சியை ஏசிய தலைவர் இன்று அதற்கே ஓட்டுக் கேட்கிறார். உடனே துரோகி என்று தூற்றுகிறோம். அல்லது கண்ணை மூடிக்கொண்டு பின்னால் போகிறோம். இரண்டும் வேண்டாம். என்ன காரணத்துக்காக மாறினார், அதனால் நம் பிள்ளைக்கும் கூலிக்கும் என்ன கிடைக்கும், தவறு கண்டால் அந்தக் கட்சியைத் தட்டிக்கேட்பாரா என்று பார்க்கலாம். காரணம் சரியென்றால் நாமும் மாறலாம். இல்லையென்றால் அவரை மதித்துக்கொண்டே நம் ஓட்டை நம் மனப்படி போடலாம். 1967-ல் தமிழ்நாட்டு மக்கள் செய்தது அதைத்தான்.