தூதுவளைக் கீரையும் ஒரு திருமுகமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் இரண்டாம் திருவாய்மொழி திருவனந்தபுரத்தைப் பாடுவது. அதைச் சேவிக்குமிடத்துப் பெரியோர்கள் ஆளவந்தாருடைய ஐதிஹ்யம் ஒன்றை நினைவுகூர்வதுண்டு. அத்திருவாய்மொழியைக் கேட்டு அவர் அத்திவ்யதேசத்துக்கு எழுந்தருளியதையும், எழுந்தருளியதனாலேயே ஒன்றை இழந்ததையும் சேர்த்தே சொல்வார்கள். அந்த இழவு நேர்ந்த விதத்தை மனத்தில் கொண்டு அவருடைய வாழ்வை இங்குச் சிறிது அநுபவிக்க விழைகிறோம். செய்வதாக ஏற்றுக்கொண்ட காரியத்துக்குத் தம் நெஞ்சே குறுக்கே நிற்பதை அறியாதவர் நம்மில் எவரும் இரார்.

எம்பெருமானார் திருவவதரித்த 1017ஆம் ஆண்டுக்கு முற்பட்டது இவருடைய அவதாரம். காட்டுமன்னார்கோயில் என்று இன்று வழங்கும் வீரநாராயணபுரத்தில், நாதமுனிகளின் திருக்குமாரரான ஈச்வரமுனிகளுக்கு, ஆடி உத்திராடத்தில் திருக்குமாரராய் அவதரித்தார். யமுனைத்துறைவர் என்பது திருநாமம். இவர் பிறக்குமுன்பே இவருக்கென்று ஒரு நிக்ஷேபம் கைமாறி வந்துகொண்டிருந்தது. நாலாயிரத்தை நமக்கு மீட்டுத் தந்த நாதமுனிகள், பின்னால் பிறக்கப்போகும் பேரனிடம் அருளிச்செயலையும் அதன் அர்த்தங்களையும் சேர்ப்பிக்கும்படி உய்யக்கொண்டாரை நியமித்தார். யோக ரஹஸ்யத்தைக் குருகைக்காவலப்பனிடம் வைத்தார். உய்யக்கொண்டார் காலத்தில் அது கைகூடவில்லை. தம் சிஷ்யரான மணக்கால் நம்பியிடம் அப்பொறுப்பை ஒப்புவித்துத் திருநாட்டுக்கு எழுந்தருளினார். ஆசார்யனுடைய பெண்பிள்ளைகள் சேற்றைக் கடக்கத் தயங்கியபோது தாமே சேற்றில் கிடந்து தம் முதுகை வழியாக்கினவர் இந்த நம்பி. ஏற்ற வேலையை இவர் விடமாட்டார் என்பது உய்யக்கொண்டாருக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

யமுனைத்துறைவரோ வேறு வழியில் சென்றுவிட்டார். மஹாபாஷ்யபட்டரிடம் வாசித்துவந்த சிறுபிராயத்திலேயே, அரசவை வித்வானான ஆக்கியாழ்வான் பண்டிதர்களிடம் வரி கேட்டு அனுப்பிய ஓலையை மறுத்து, அவனோடு வாதம் செய்து வென்றார். அந்த வாதத்தின் மூன்று கேள்விகளை நம் வாசகர்கள் அறிவார்கள், விரிக்கவில்லை. பந்தயப்படி பாதி ராஜ்யம் இவருக்குக் கிடைத்தது. தம்மை ஆள வந்தவர் என்று ராணி மகிழ்ந்து கொண்டாடியதனால் ஆளவந்தார் என்ற திருநாமமும் வந்தது. அதன்பின் அரண்மனை, காவல், ராஜ்யபாரம், போகம். பாட்டனார் வைத்துப் போனதொன்று தமக்காகக் காத்திருப்பதை அவர் அறியவும் இல்லை. அறிவதற்கு அவகாசமும் இல்லை.

மணக்கால் நம்பி அரண்மனை வாசலுக்கு வந்து பார்த்தார். உள்ளே புகுவதற்கு வகையில்லை. திரும்பிப் போய், காலம் வரட்டும் என்று இருந்திருந்தாலும் அவரை யாரும் குறை சொல்லப்போவதில்லை. நியமித்த ஆசார்யனும் இவ்வுலகில் இல்லை. ஆனால் அவர் மடைப்பள்ளிக்காரர்களை அணுகி, ஆளவந்தாருக்கு எது உகப்பு என்று விசாரித்தார். தூதுவளைக் கீரை என்று தெரிந்தது. அன்று தொடங்கி நாள்தோறும் கீரை கொண்டுவந்து கொடுத்தார். தூதுவளையைப் பறித்தவர்களுக்குத் தெரியும், அதன் கொடியெங்கும் முள், இலையிலும் முள். ஒரு வேளைக் கறிக்கு வேண்டிய இலையைக் கிள்ளுவதற்குள் விரல்கள் படும் பாடு கொஞ்சமன்று. அதுவும் ஸத்வ குணத்தை வளர்க்கும் கீரை என்பதனால் அது தம் வேலைக்கும் உதவும் என்று நம்பி எண்ணியிருக்கக்கூடும். ஆறு மாதம் இது நடந்தது. ஆளவந்தார் விரும்பி அமுதுசெய்தார்; கொண்டுவருபவர் யார் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

இந்த ஆறு மாதத்தைப் பற்றியே நாம் அதிகமாக எண்ணிப் பார்ப்பதுண்டு. நூற்றெண்பது நாள் காலையில் எழுந்து, பலன் எதுவும் கண்ணுக்குத் தெரியாத ஒரு காரியத்துக்குப் புறப்படுவது எப்படியிருக்கும்? முதல் மாதம் உத்ஸாஹம் தாங்கும். இரண்டாம் மாதம் வைராக்யம் தாங்கும். அதன்பின் எது தாங்கும் என்று நமக்குச் சொல்லத் தெரியவில்லை. நம்பிக்கு ஆசார்ய நியமனம் என்ற ஒன்றே தாங்கலாக இருந்தது போலும். தமக்காக என்று தொடங்கியிருந்தால் விட்டிருப்பார்.

பிறகு நாலு நாள் கீரை வரவில்லை. அழைக்கக் காணாமையால் நம்பி நிறுத்தினார் என்கிறார்கள். வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தார் என்றும் சொல்வதுண்டு. முன்னதே நம் மனத்துக்குப் பொருந்துகிறது. மஹான்களுக்குச் சோர்வே வராது என்று கொண்டால் அந்த ஆறு மாதத்தின் பெருமை குறைந்துபோகிறது. எப்படியாயினும், தளிகையில் கீரை இல்லாதபோதுதான் ஆளவந்தார் கேட்டார். மடைப்பள்ளியார் நடந்ததைச் சொல்ல, நம்பியை அழைப்பித்து, ஆஸனமிட்டு அமர்த்தி, பொருளோ பூமியோ வேண்டியது எது என்று வினவினார். தாம் ஒன்றும் பெற வரவில்லை என்றும், பாட்டனார் சேமித்துவைத்த நிதி தம்மிடம் இருக்கிறது என்றும், அதைக் கொடுத்து முடிக்கும்வரை தடையில்லாமல் வந்துபோக வேண்டும் என்றும் நம்பி தெரிவித்தார்.

அதன்பின் நாள்தோறும் ஸ்ரீகீதையின் பதினெட்டு அத்யாயங்களுக்கும் அர்த்தம் சொல்லிவந்தார். ஆளவந்தார் ஒரே நாளில் ராஜ்யத்தை உதறவில்லை. கேட்கக் கேட்க நெஞ்சு இளகி, எம்பெருமானை அடைவதற்கு உபாயம் எது என்று தாமாகக் கேட்கும் நிலைக்கு வந்தார். சரம ச்லோகார்த்தத்தை உபதேசித்தபின், இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஏழு மதிள்களுக்குள் ஒரு பாம்பு காத்திருக்கும் நிதியைக் காட்டுகிறேன் என்று அழைத்துச் சென்று, திருவரங்கத்தில் பெரியபெருமாளைச் சேவிக்கச் செய்தார் நம்பி. ஆளவந்தார் அரண்மனைக்குத் திரும்பவில்லை. ஸந்யாஸாச்ரமம் ஏற்றுத் திருவரங்கத்திலேயே தர்சனத்தை நிர்வஹித்தார். ஸ்தோத்ர ரத்னம், சதுச்லோகீ, ஆகம ப்ராமாண்யம், ஸித்தித்ரயம், கீதார்த்த ஸங்க்ரஹம் முதலானவை நமக்குக் கிடைத்தன. நம்பியின் கீரையும் கீதையுமே கீதார்த்த ஸங்க்ரஹத்தின் 32 ச்லோகங்களாய்க் காய்த்தன என்று சொல்லத் தோன்றுகிறது.

நிக்ஷேபத்தில் ஒரு பங்கு மட்டும் எஞ்சியிருந்தது. யோக ரஹஸ்யத்தைக் குருகைக்காவலப்பனிடம் பெற்றுக்கொள்ளும்படி நம்பி நியமித்திருந்தார். ஆளவந்தார் கங்கைகொண்டசோழபுரத்துக்குச் சென்றபோது காவலப்பன் யோகத்தில் எழுந்தருளியிருந்தார். அதைக் கலைக்க மனமின்றி ஒரு சுவருக்குப் பின்னே நின்றார். காவலப்பன் திரும்பிப் பார்த்து, சொட்டைக்குலத்தார் யாரேனும் வந்திருக்கிறார்களோ என்று கேட்டார். பிராட்டி அணைத்தாலும் முகம் திருப்பாத எம்பெருமான் தம் தோளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்ததனால், நாதமுனிகள் வம்சத்தார் ஒருவர் பின்னால் நிற்கவேண்டும் என்று அறிந்தாராம். வந்த காரியத்தை ஆளவந்தார் விண்ணப்பிக்க, தாம் சரீரத்தை விடப்போகும் நாளைக் குறித்துத் திருமுகம் எழுதிக் கொடுத்து, அதற்குள் வந்தால் சொல்லுவதாக அருளினார். ஆளவந்தார் அதை வாங்கிக்கொண்டு திருவரங்கம் திரும்பினார்.

அத்யயன உத்ஸவம் வந்தது. அரையர் முன்சொன்ன திருவாய்மொழியைப் பெருமாள் திருமுன்பே பாடினார். அதில் ஆழ்வார் திருவனந்தபுரத்துக்குப் போகச் சொல்லி அழைப்பதைப் பெருமாளுடைய நியமனமாகவே கொண்டு, ஆளவந்தார் உடனே புறப்பட்டார். நெடுவழி கடந்து அனந்தபத்மநாபனைச் சேவித்தார். அங்கே அந்தத் திருமுகத்தை எடுத்துப் பார்த்தபோது, குறித்த நாள் அன்றே. புஷ்பக விமானம் ஒன்று இருந்தாலன்றிப் போய்ச் சேர வழியில்லையே என்று கலங்கினார்.

அடியோங்கள் வங்கியில் பணியாற்றியபோது, தவணை முதிரும் பத்திரங்களுக்கென்று தேதிவாரியாக ஒரு பதிவேடு இருக்கும். காலையில் வேறு வேலையில் கைவைக்குமுன் அன்றைய பக்கத்தைப் பார்த்தாக வேண்டும். பத்திரம் பத்திரமாக இருந்தும், தேதி பார்க்கப்படாமல் போனதால் நேர்ந்த நஷ்டங்களை நாம் கண்டிருக்கிறோம். ஆகையால் இந்த ஐதிஹ்யத்தைப் படிக்கும்தோறும் மனம் பதைக்கிறது. போகம் தடுத்ததென்றால் புரிந்துகொள்ளலாம்; அந்தத் தடையை அவர் எப்போதோ வென்றுவிட்டார். இங்கே குறுக்கிட்டதோ ஆழ்வாருடைய பாசுரமும் ஒரு திவ்யதேச யாத்திரையும். பணி ஓய்வு பெற்ற அன்று, நாள்தோறும் ஒரு பாசுரத்துக்காவது ஈடு வாசிப்பதென்று பெருமாள் ஸந்நிதியில் நாமும் ஒன்று எண்ணிக்கொண்டோம். இரண்டாம் பத்தில் நின்றது. நிறுத்தியவை பேரனின் ஆண்டு நிறைவும், கோயில் கைங்கர்யக் கணக்கும், திருப்பதி யாத்திரையுமே. ஒன்றையும் தவறு என்று சொல்ல முடியாது, அதுதான் சங்கடம்.

பிரபத்தியே நமக்குத் தஞ்சமாக அமைய வேண்டும் என்பதற்காக எம்பெருமான்தானே யோக ரஹஸ்யத்தை நழுவவிட்டான் என்று ஸமாதானம் கூறுவாரும் உண்டு. அது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் ஆளவந்தார் கலங்கினார் என்பதைப் பூர்வர்கள் மறைக்காமல் எழுதிவைத்தார்கள்.

அவர் திருநாட்டுக்கு எழுந்தருளியபோது திருமேனியில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. அவரைச் சேவிக்கக் காஞ்சியிலிருந்து ஓடிவந்து, உயிரோடு காணப்பெறாத இளையாழ்வார், அவை நிறைவேறாத மூன்று மநோரதங்கள் என்று கேட்டறிந்து, ஒவ்வொன்றையும் தாம் செய்து முடிப்பதாகச் சொல்லச் சொல்ல விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. சொன்னது ஒரு நாழிகை. செய்து முடிக்கப் பல ஆண்டுகள் சென்றன. ப்ரஹ்மஸூத்ரத்துக்கு ஸ்ரீபாஷ்யம் உண்டாயிற்று. ஆழ்வானுடைய குமாரருக்குப் பராசரர் திருநாமம் சாற்றப்பட்டது. திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி எழுதத் திருக்குருகைப்பிரான் பிள்ளான் நியமிக்கப்பட்டார்.

ஆளவந்தார் திருவடிகளே சரணம்.